பெயர் வேறு, முறை ஒன்று

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

விழா மேடையில் கவிதையைப் பற்றிப் பேசுவது எளிது; கேட்பதற்கும் இனிது. எனக்குத் தரப்பட்டுள்ள பொருளோ கணிப்பொறி சார்ந்தது. ஆயினும் இது நம்மைவிட்டு விலகிய பொருளன்று. இவ்வட்டத்தின் கூட்டங்களில் பத்தாண்டுகளாக வெண்பாவும் விருத்தமும் வாசிக்கப்பட்டன. கண்ணியும் சிந்தும் பாடப்பட்டன. புதுக்கவிதையும் துளிப்பாவும் அரங்கேறின. இவை அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. எவ்வாறு ஏற்றுவது என்பதில்தான் இரு கட்சிகள் உள்ளன.

எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம், 'பாடல்', 'வரி' என்னும் இரண்டு பெயர்கள் போதும் என்பது ஒரு கட்சி. வெண்பாவுக்கு வெண்பாவின் அமைப்பு வேண்டும், கண்ணியைக் கண்ணி என்றே வழங்க வேண்டும் என்பது மறு கட்சி. முதற்கட்சியார் சிக்கனத்தைப் பேசுகின்றனர். இரண்டாம் கட்சியார் மரபைப் பேசுகின்றனர். இரு சாராரும் நியாயமே பேசுகின்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் வழியொன்றைக் கணிப்பொறி அறிஞர்கள் கண்டனர். அவ்வழி எது, அதன் பயன் யாது, அதன் எல்லை எது என்பனவே இன்று என் பேச்சின் பொருள்.

குறியிடுதல் என்பது யாது?

அச்சுக்கு அனுப்பும் கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'இது தடித்த எழுத்தில்', 'இங்கே ஓர் அங்குலம் உள்தள்ளி' என்று பதிப்பாசிரியர் குறி இடுவதை நீங்கள் அறிவீர்கள். அக்குறிகள் தோற்றத்தைச் சொல்பவை. 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு', 'இது மேற்கோள்' என்று இயல்பைச் சொல்லும் குறிகளை உரைக்குள்ளேயே இட்டுவைத்தால், தோற்றத்தைப் பின்னர் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம் என்பது அடுத்த நிலை. 1969ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் இக்கொள்கையில் ஜிஎம்எல் என்னும் குறியீட்டு மொழியை உருவாக்கினர். அம்மூவர் பெயர்களின் முதலெழுத்துகளும் அம்மொழியின் பெயருக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. முத்திரை அடி வைக்கும் பழக்கம் புலவர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்! அதன் வழிவந்ததே 1986இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த எஸ்ஜிஎம்எல். அதன் எளிய வடிவமாக எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வந்தது.

இம்மொழிகளில் மூன்று கருத்துகளை மட்டும் நாம் அறிந்துகொண்டால் போதும். முதலாவது, உறுப்பு. ஆவணத்தின் ஒவ்வொரு கூறும் ஓர் உறுப்பு; அதற்கொரு பெயர் உண்டு. இரண்டாவது, பண்புக்கூறு. உறுப்பின் பெயரோடு சேர்த்து, அதனைப் பற்றிய செய்தியைத் தாங்கி நிற்பது அது. மூன்றாவது, ஆவண வகை. எந்தெந்த உறுப்புகள், எந்த வரிசையில், எத்தனை முறை வரலாம் என்று விதிக்கும் இலக்கணம் அது.

செய்யுளியலில் முப்பத்துநான்கு உறுப்புகளை வகுத்த தொல்காப்பியரின் வழிவந்தவர்களுக்கு இது புதுமையன்று. நேரிசை ஒத்தாழிசைக் கலிப்பாவில் தரவு ஒன்று, தாழிசை மூன்று, தனிச்சொல் ஒன்று, சுரிதகம் ஒன்று இம்முறையே வரும் என்று மாணவர்க்கு நாம் கற்பிக்கிறோம் அல்லவா? அதுவே ஓர் ஆவண வகை வரையறைதான். தாழிசைக்கும் தனிச்சொல்லுக்கும் இடையில் அம்போதரங்கம் புகுந்தால் அது வேறு வகையாகிறது. அதனோடு அராகமும் சேர்ந்தால் வண்ணக ஒத்தாழிசையாகிறது.

சிக்கல் எங்கே தோன்றுகிறது?

ஆவண வகைகள் பெருகும்போது சிக்கல் தோன்றுகிறது. நிரலுக்குப் பெயர்தான் தெரியும்; பொருள் தெரியாது. 'விருத்தம்' என்னும் பெயரைக் கண்டால் இவ்வாறு செய் என்று எழுதப்பட்ட நிரல், 'வெண்பா' என்னும் பெயரைக் கண்டால் வாளாவிருக்கும்.

பதிப்பாசிரியர்கள் நன்கறிந்த ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். நூலின் பின்னே பாட்டு முதற்குறிப்பு அகராதி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் திரட்டி, அகர வரிசைப்படுத்தி, பக்க எண் இட வேண்டும். வெண்பாத் தொகுதிக்கு ஒரு நிரல், விருத்தத் தொகுதிக்கு ஒரு நிரல், துளிப்பாத் தொகுதிக்கு மற்றொரு நிரல் என்று எழுதிக்கொண்டே போவதா? நாளை ஒருவர் புதியதொரு பாவினத்தைப் படைத்தால் அதற்கும் ஒரு நிரலா? அதற்கு அஞ்சி, எல்லாப் பெயர்களையும் அழித்துப் 'பாடல்' என்று ஆக்கிவிட்டால் வேலை எளிதாகும். ஆனால் எது வெண்பா, எது விருத்தம் என்னும் அறிவு ஆவணத்திலிருந்து நீங்கிவிடும். நீங்கிய அறிவை ஆயிரம் பாடல்களில் மீண்டும் புகுத்துவது எளிய பணியன்று.

நம் யாப்பு மரபிலேயே ஒன்றற்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. தரவை எருத்தம் என்றும் சொல்வர். சுரிதகத்தை அடக்கியல் என்றும் வாரம் என்றும் கூறுவர். ஒரு பதிப்பாசிரியர் 'தரவு' என்று குறியிட, மற்றொருவர் தாம் பின்பற்றும் உரைமரபுக்கு ஏற்ப 'எருத்தம்' என்று குறியிடலாம். இருவருமே முறையாகத்தான் செய்தனர். நிரலுக்கோ அவை இரண்டும் தொடர்பற்ற இரு பொருள்கள்.

முறைப்பெயர் காட்டிய வழி

இதற்கு விடை நம் திருமண வீடுகளிலேயே உள்ளது. சடங்கை நடத்தி வைப்பவர் வெளியூர்க்காரர். வீட்டார் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. 'தாய்மாமன் வரலாம்' என்று அழைக்கிறார். கூட்டத்திலிருந்து உரியவர் எழுந்து வருகிறார். அவர் பெயர் முருகேசனா, அந்தோணியா என்பது சடங்குக்கு வேண்டுவதில்லை; முறை தெரிந்தால் போதும். அதற்காக அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவும் வேண்டியதில்லை. அடுத்த வீட்டுத் திருமணத்தில் வேறொருவர் தாய்மாமனாக வருவார், சடங்கு மாறாது.

பெயர் என்பது உறுப்பின் பெயர். முறை என்பது பண்புக்கூறு. சடங்கு என்பது நிரல். ஆவண வகை எதுவாயினும், உறுப்பின் பெயர் எதுவாயினும், 'இவ்வுறுப்பு இன்ன முறையினது' என்று ஒரு பண்புக்கூறு சொல்லிவிட்டால், முறையை மட்டும் அறிந்த ஒரே நிரல் எல்லா ஆவண வகைகளுக்கும் பணி செய்யும்.

இக்கருத்தைத் தெளிவான விதியாக்கிய தரம் ஹைடைம் என்பது. 1992இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்தது. 1997இல் இரண்டாம் பதிப்புக் கண்டது. இசையைக் கணிப்பொறியில் குறிக்கும் தரமொன்றை உருவாக்க முயன்ற குழுவின் பணியிலிருந்தே இது கிளைத்தது என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. ஆவணங்களுக்கிடையே இணைப்புகளையும், காலத்தில் நிகழ்வனவற்றின் ஒழுங்கையும் குறிப்பது அதன் நோக்கம். உலகிலுள்ள எல்லா ஆவண வகைகளையும் ஒரே வகையாக மாற்றுங்கள் என்று அது கேட்டிருந்தால் எவரும் செவிமடுத்திரார். அது அவ்வாறு கேட்கவில்லை. உங்கள் உறுப்புக்கு நீங்கள் விரும்பும் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். அதனோடு ஹைடைம் என்னும் பண்புக்கூற்றைச் சேர்த்து, அதன் மதிப்பாக நான் வகுத்த வடிவங்களுள் எது பொருந்துமோ அதனைச் சொல்லுங்கள் என்றது. இவ்வாறு வகுக்கப்பட்ட வடிவத்திற்குக் 'கட்டமைப்பு வடிவம்' என்று பெயர்.

இதில் மற்றொரு வசதியும் உண்டு. பண்புக்கூற்றின் மதிப்பை ஆவண வகை வரையறையிலேயே ஒருமுறை நிலையாக விதித்துவிடலாம். பின்னர்ப் பாடலை உள்ளிடுபவர் அதனை ஒவ்வோர் இடத்திலும் தட்டெழுத வேண்டியதில்லை. அவர் 'எருத்தம்' என்று மட்டும் குறிப்பார். அதன் முறையை இலக்கணமே சொல்லிவிடும். படைப்பவருக்குச் சுமையில்லை, செயலாக்குபவருக்கும் குழப்பமில்லை.

முறை பல ஆகலாம்

தாய்மாமனாக வந்தவரே மற்றொரு குழந்தைக்குப் பெரியப்பா, ஒருத்திக்குக் கணவர், ஊருக்குத் தலைவராகவும் இருக்கலாம். ஒரு முறை மற்றொரு முறையைத் தடுப்பதில்லை. குறியீட்டிலும் அவ்வாறே. ஓர் உறுப்புக்குப் பல பண்புக்கூறுகள் அமையலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிரலுக்குரிய முறையைச் சொல்லும்.

கண்ணியையே எடுத்துக்கொள்வோம். அச்சிடும் நிரலுக்கு அது ஈரடித் தொகுதி. இரண்டு அடிகளும் பக்கம் மாறிப் பிரியாமல் காக்கப்பட வேண்டும். இசைப்போருக்கு உதவும் நிரலுக்கு அது பாடி நிறுத்தும் அலகு. முதற்குறிப்பு அகராதி தொகுக்கும் நிரலுக்கு அது யாது? இங்கே பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கண்ணிகள் நூற்றுக்கணக்கில் தொடரும் பாடலில் ஒவ்வொரு கண்ணியின் தொடக்கமும் அகராதியில் இடம்பெற வேண்டுமா, முழுப் பாடலின் தொடக்கம் மட்டும் போதுமா? முன்னது என்றால் 'முதற்குறிப்புக்குரியது' என்னும் முறையைக் கண்ணியின்மேல் ஏற்றுவோம். பின்னது என்றால் முழுப் பாடலின்மேல் ஏற்றுவோம். கண்ணியின் பெயரும் மாறாது, நிரலும் மாறாது, முறை ஏறும் இடம் மட்டும் மாறும். அச்சிடும் நிரல் இதனைப் பொருட்படுத்தவே செய்யாது. அதன் முறை வேறு.

அயல்நாட்டு உரைப்பதிப்பாளர் செய்தது

இலக்கிய உரைகளைக் கணிப்பொறியில் குறியிடுவதற்கான நெறிகளை வகுக்க, 1987 நவம்பரில் அமெரிக்காவின் பொகீப்சி நகரிலுள்ள வாசர் கல்லூரியில் அறிஞர்கள் கூடினர். அங்கே தொடங்கியதே டிஇஐ எனப்படும் உரைக் குறியீட்டு முயற்சி. ஸ்பெர்பெர்க்-மக்வீன், லூ பர்னார்ட் ஆகிய இருவரையும் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு அதன் மூன்றாம் வழிகாட்டி நூல் 1994இல் வெளிவந்தது. பாடலின் அடிக்கு ஓர் உறுப்பு, அடித்தொகுதிக்கு ஓர் உறுப்பு, யாப்பையும் ஒலியொப்புமையையும் குறிக்கப் பண்புக்கூறுகள் என்று கவிதைக்கு அது தனியிடம் தந்தது.

அதில் நாம் கருதத்தக்க ஏற்பாடொன்று இருந்தது. ஒவ்வோர் உறுப்புக்கும் டிஇஐஃபார்ம் என்னும் பண்புக்கூறு உண்டு; அவ்வுறுப்பின் பொதுப்பெயர் அதில் நிலையாகப் பதிந்திருக்கும். ஒரு பிரெஞ்சுப் பதிப்பாசிரியர் அடியைக் குறிக்கும் உறுப்புக்குத் தம் மொழியிலுள்ள 'வெர்' என்னும் சொல்லையே பெயராக வைத்தாலும் பண்புக்கூறு மாறாது. அதனை நோக்கும் நிரல் 'இது அடியே' என்று அறிந்துகொள்ளும். தம் மொழியில் தம் இலக்கியத்துக்குப் பெயரிடும் உரிமையை விட்டுக்கொடுக்காமலேயே உலகப் பொதுக் கருவிகளைப் பயன்படுத்தலாம் என்பது இதன் பொருள். நம் மறு கட்சியார் கேட்பதும் இவ்வுரிமையைத்தானே!

முறை பொய்த்தால்?

இனி, எல்லையைச் சொல்ல வேண்டும். பண்புக்கூறு ஓர் உறுதிமொழி. அதனை நிரல் அப்படியே நம்பும். உறவல்லாதவரைத் தாய்மாமன் என்று அமர்த்தினால் சடங்கு நடந்துவிடும், உறவு உண்டாகிவிடாது.

தனிச்சொல்லை நோக்குங்கள். நேரிசை வெண்பாவில் அது இரண்டாம் அடியின் நான்காம் சீர், அடிக்குள் அடங்கியது. கலிப்பாவிலோ அது தாழிசைக்கும் சுரிதகத்துக்கும் இடையே தனித்து நிற்கும் உறுப்பு. பெயர் ஒன்று, முறை இரண்டு. முன்னே நாம் கண்டது பெயர் வேறாகி முறை ஒன்றாகும் இடம்; இஃது அதற்கு நேர்மாறானது. ஆகவே வெண்பா ஆவண வகையில் தனிச்சொல்லுக்குச் 'சீர்' என்னும் முறையும், கலிப்பா ஆவண வகையில் 'பாவுறுப்பு' என்னும் முறையும் விதிக்க வேண்டும். பெயரொற்றுமையைக் கண்டு மயங்கி இரண்டிடத்தும் ஒரே முறையை விதித்தால், நான்கடி வெண்பாவை ஐந்தடி என்று எண்ணி நிரல் நம் முன் நிறுத்தும். அது நிரலின் பிழையன்று. முறை வகுத்தவர் பிழை.

எதுகையும் அவ்வாறே. மேலை நாட்டு யாப்பில் ஒலியொப்புமை என்றால் பெரும்பாலும் அடியின் இறுதியையே நோக்குவர். நம் இயைபு அதனோடு ஓரளவு ஒத்துவரும். அடியெதுகையோ அடியின் முதற்சீரில் இரண்டாம் எழுத்தைப் பற்றியது. அடியிறுதியைத் தேடும் நிரலிடம் எதுகையை அம்முறையில் ஒப்படைத்தால், உள்ளதை இல்லை என்றும் இல்லாததை உண்டு என்றும் அது சொல்லும். எது எதனோடு ஒக்கும் என்று தீர்மானிப்பது நிரலாளரின் பணியன்று; யாப்பறிந்தாரின் பணி. இங்கே நாம் இல்லையென்றால், நம் இடத்தில் நம் யாப்பை அறியாதவர் இருந்து தீர்மானிப்பார். இன்றைய பேச்சில் நான் வலியுறுத்த விரும்புவது இதனையே.

பின்னர் நிகழ்ந்தது

இம்முறை எங்கும் நிலைபெற்றுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகும். ஹைடைம் விரிவானது, கற்பதற்குக் கடினமானது. எக்ஸ்எம்எல் வந்தபின், ஆவணத்துக்கு வெளியே உள்ள வரையறையை எல்லா நிரல்களும் படித்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லாமற் போயிற்று. வரையறையில் மட்டும் விதித்திருந்த பண்புக்கூறு, அதனைப் படிக்காத நிரலின் கண்ணுக்குப் படாமலே போகலாம். ஓர் ஆவணத்தை மற்றொரு வகையாக மாற்றித்தரும் எக்ஸ்எஸ்எல்டி என்னும் கருவிமொழி 1999இல் வந்ததும், பலர் அவ்வழியே சென்றனர். டிஇஐ நெறியும் 2007இல் வந்த ஐந்தாம் பதிப்பில் டிஇஐஃபார்ம் பண்புக்கூற்றைக் கைவிட்டு, பெயர் மாற்றங்களை வரையறை ஆவணத்திலேயே பதிந்துவைக்கும் வேறொரு முறையை மேற்கொண்டது.

ஆயினும் கருத்து மறையவில்லை, உருமாறி வாழ்கிறது. 2001இல் வெளிவந்த எக்ஸ்லிங்க் என்னும் இணைப்பு நெறி, எந்தப் பெயருடைய உறுப்பையும் பண்புக்கூறு ஒன்றால் இணைப்பாக்கியது. தொழில்நுட்பக் கையேடுகளுக்கென ஐபிஎம் உருவாக்கி, 2005இல் ஒயேசிஸ் அமைப்பின் தரமாக வெளிவந்த டிட்டா நெறியில் ஒவ்வோர் உறுப்பும் தன் குலமரபைக் கிளாஸ் என்னும் பண்புக்கூற்றில் தாங்கி நிற்கிறது. செய்முறையின் 'படி' என்னும் உறுப்பு, தான் அடிப்படையில் பட்டியலின் ஓர் உருப்படி என்பதை அதில் முதலில் சொல்லி, பின்னரே தன் சிறப்புப் பெயரைச் சொல்லும். 'படி'யை அறியாத நிரலும் அதனைப் பட்டியல் உருப்படியாகவேனும் கொண்டு முறையாக அச்சிட்டுவிடும். பொதுவில் தொடங்கிச் சிறப்பில் முடியும் இவ்வமைப்பு, நம் இலக்கண நூல்கள் பொதுவியலும் சிறப்பியலும் வகுத்த நெறியை நினைவூட்டுகிறது.

எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. விழித்திறன் குன்றியோர் திரையிலுள்ளதைச் செவியால் கேட்க உதவும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுக்காக 2014இல் ஏரியா என்னும் நெறி தரமாயிற்று. அதில் ரோல் என்னும் பண்புக்கூறு, உறுப்பின் பெயர் எதுவாயினும் 'இதன் பணி இது' என்று அறிவிக்கிறது. மின்னூல் வடிவங்களிலும் 'இஃது அடிக்குறிப்பு', 'இது முன்னுரை' என்று சொல்லும் பண்புக்கூறுகள் உள்ளன. உரையோடு கூடிய செய்யுள் நூலொன்றைச் செவிவழிக் கற்கும் மாணவரை எண்ணிப்பாருங்கள். அடியின் நடுவே அடிக்குறிப்பு எண் ஒலித்தால் சந்தம் குலையும். மூலம் எங்கே முடிந்தது, பதவுரை எங்கே தொடங்கியது என்று தெரியாமற் போகும். தடித்த எழுத்தும் சாய்ந்த எழுத்தும் அவருக்கு உதவா. ஆவணத்துக்குள் முறை பதிந்திருந்தால் மட்டுமே, அவர் மூலத்தை மூலமாகவும் உரையை உரையாகவும் கேட்க வழி பிறக்கும்.

நாம் செய்யத்தக்கன

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: நம் பாவகைகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் உரிய பெயர்களை எக்காரணத்தாலும் அழிக்க வேண்டா. வெண்பா வெண்பாவாகவே பதியட்டும். துளிப்பா துளிப்பாவாகவே பதியட்டும். இரண்டு: அகராதி தொகுத்தல், அடி எண்ணுதல், அச்சிடுதல், செவிவழி வாசித்தல் ஆகிய பொதுப் பணிகளுக்கு வேண்டிய முறைகளைச் சிலவாகவும் தெளிவாகவும் வகுத்து, பண்புக்கூறுகளாக ஏற்றுவோம், அவற்றை வரையறையில் மட்டுமின்றி ஆவணத்திலும் எழுதிவைப்போம். மூன்று: அம்முறைகளை வகுக்கும் அவையில் நிரலாளரோடு கவிஞரும் யாப்பறிந்தாரும் ஒருங்கே அமர்வோம். ஒவ்வாத இடத்தில் ஒக்கும் என்று சொல்லாதிருக்கும் துணிவும் அவ்வவைக்கு வேண்டும். எம்முறையிலும் அடங்காத உறுப்பு ஒன்றிருந்தால் அது முறையின்றியே நிற்கட்டும். பெயர் இருக்கிறது, அது போதும்.

புதுக்கவிஞர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் நாளை படைக்கப்போகும் வடிவத்துக்கு இன்று பெயர் இல்லை. ஒரே அச்சில் வார்த்தால் அதற்கு இடமும் இராது. பெயரையும் முறையையும் பிரித்து வைத்தால், அது தன் பெயரோடு வரலாம். முன்னரே உள்ள முறைகளுள் பொருந்தியவற்றை ஏற்றுக்கொண்டு, வெண்பாவுக்குப் பக்கத்தில் அதே அகராதியில் இடம்பெறலாம். எல்லாரையும் ஒரே பெயரால் அழைப்பது ஒற்றுமையாகாது. அவரவர் பெயரோடு வந்து, ஒரே பந்தியில் அமர்வதே ஒற்றுமை. பத்தாண்டுகளாக இவ்வட்டம் மரபுக்கவிஞரையும் புதுக்கவிஞரையும் ஓர் அவையில் அமர்த்தியது இம்முறையில்தான். அதனை நம் ஏடுகளிலும் செய்வோம்.